தலைத்துண்டும் தோள்துண்டும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிலிருந்து எல்.பி. ஸ்கூல் என்கிற ஆரம்பப் பள்ளிக்குப் போகிற சந்துக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கானை ஓடியது. கானை என்றால் சாக்கடைதான். பெயரை மாற்றினால் நாற்றம் குறையும் என்று எவனோ நினைத்திருக்கிறான், குறையவில்லை. நாலடி அகலம். ஆழம் எவ்வளவு என்று விழுந்து எழுந்தவர்களைத்தான் கேட்க வேண்டும், அவர்களும் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கும். தெரு எங்கே முடிகிறது, கானை எங்கே தொடங்குகிறது என்று சாமிக்கே தெரியாது.

வேறு ஊராக இருந்தால் சாக்கடை சாக்கடையாகவே இருந்துவிட்டுப் போயிருக்கும். இங்கே அது எல்லை. கடைத்தெருப் பக்கம் இக்கரை, பள்ளிக்கூடப் பக்கம் அக்கரை. இக்கரையில் சுமை தூக்கும் உரிமை சிவப்புத் துண்டு யூனியனுக்கு. அக்கரையில் கட்டம் போட்ட துண்டு யூனியனுக்கு. ஒரு மிளகு மூட்டை இக்கரையிலிருந்து அக்கரைக் கோடவுனுக்குப் போக வேண்டுமென்றால் கானைக்கு நடுவில் அது தலை மாற வேண்டும். இந்தப் பக்கத்து ஆள் கொண்டுவந்து நீட்டுவான். அந்தப் பக்கத்துத் தலைவன் "எடு" என்று சொல்வான். சொன்ன பிறகுதான் வாங்குகிறவன் கை மூட்டையில் படலாம். "வாங்கியாச்சு" என்று அவன் குரல் கொடுத்த பிறகுதான் நீட்டியவன் கையை விடலாம். கோயிலில் தீபாராதனைகூட இவ்வளவு முறையாக நடக்காது. ஒரு கரைக்காரன் தூக்கும்போது மறுகரைக்காரன் இடுப்பில் கை வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாலும், பார்த்ததற்குக் கூலி உண்டு. நோக்குகூலி என்று அதற்கு மரியாதையான பெயரும் உண்டு.

இன்னொரு நியமமும் இருந்தது. துண்டு தலையில் கட்டியிருந்தால் அவன் தொழிலாளி, யூனியன் சொன்னதைக் கேட்க வேண்டியவன். துண்டு தோளுக்கு இறங்கிவிட்டால் யாரோ ஒரு வீட்டுக்காரன். தன் வீட்டுச் சாமானைத் தானே தூக்கிக்கொண்டு எந்தக் கரைக்கும் போகலாம், ஒருவரும் கேட்க முடியாது. ஆனால் வேலை நேரத்தில் துண்டை அவிழ்த்தவனுக்கு அன்றைய வேலை முறையும் கூலியும் போய்விடும். அதனால் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அந்தச் சந்தில் ஒரு தோளிலும் துண்டு இருக்காது.

கானைக்கு மேலே போடுவதற்கு ஒரு சிமெண்டு சிலாபும் வந்திருந்தது. பிள்ளைகள் கடந்து போகட்டும் என்று சுக்குக் கோடவுன் சேட்டு, தன் பெயரைப் பெரிதாகப் பொறித்துத் தர்மமாகக் கொடுத்தது. எட்டு ஆள் பிடிக்க வேண்டிய கனம். லாரியிலிருந்து இறக்கி இக்கரைச் சுவரோரம் போட்டதோடு சரி. பாதி இக்கரையிலும் பாதி அக்கரையிலும் உட்காரப் போகிற சிலாபை எந்த யூனியன் தூக்குவது, எந்த யூனியன் வைப்பது, எது பார்த்துக்கொண்டு நிற்பது? இரண்டு தரப்பும் எர்ணாகுளத்துக் கோர்ட்டுக்கு மனு எழுதின. விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று இரண்டு தரப்பும் போகவில்லை. எதிராளி வரமாட்டான் என்று இருவருக்கும் அவ்வளவு நம்பிக்கை. ஆகவே பதினான்கு மாதமாக இரண்டு யூனியன்காரர்களும் சேட்டுடைய பெயரின் மேல் உட்கார்ந்து சாயா குடித்து வந்தார்கள்.

அந்தச் சாயாவையும் கூட வடையையும் போட்டுக் கொடுத்தவள் மாயம்மாள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து பத்து வருஷம். சந்து முனையில், மழைத் தண்ணீர் ஏறாத மேட்டில், சிலாபை ஒட்டித் தகரக் கூரை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி. பருப்பு வடை அவள் கையில் பொன்னிறமாக வரும். காலை பத்து மணி ஈடு மட்டும் எப்போதும் கருகிவிடும். பத்து மணிக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். அந்த நேரத்தில் அவள் கண் சட்டியில் இருக்காது, கானையில் இருக்கும். "பத்து மணி வடைய நாய்க்குக்கூடப் போடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் தின்பார்கள்.

அவள் மகள் பாக்கியலக்ஷ்மிக்கு எட்டு வயது. போன வருஷம் மழையில் சிலேட்டும் புத்தகமுமாகக் கானைக்குள் போய்விட்டாள். யாரோ ஒரு வண்டிக்காரன் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டான். இருபது நாள் காய்ச்சல். அதன் பிறகு மழை நாளில் மாயம்மாள் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. மட்டாஞ்சேரியில் மழை நாளைக் கழித்துவிட்டால் பள்ளிக்கூட நாள் என்று என்ன மிஞ்சும்?

தானே இடுப்பில் தூக்கிக் கடத்திவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். மாயம்மாளின் இடது கால் மந்துக்கால். யானைக்கால் என்றால் நம் பக்கம் புரியும். அந்தக் கானையில் முட்டையிட்ட கொசு கொடுத்த சீதனம் அது. அந்தத் தண்ணீரில் காலை வைத்தால் போதும், அன்று மாலையே கால் தூணாக வீங்கிக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் புருஷன் இசக்கிமுத்துவோ அக்கரைச் சுமைக்காரன், கட்டம் போட்ட துண்டு. காலையில் துண்டைத் தலையில் கட்டினால் மாலையில்தான் அவிழ்ப்பான். யூனியன் தலைவர் கிழித்த கோட்டைத் தாண்டாத உத்தமன். வீட்டில் கிழித்த கோடுதான் அவன் கண்ணுக்குத் தெரியாது.

1982 ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை கமலாக்ஷி டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு அடுப்பருகே வந்து நின்றார். டீச்சர் எர்ணாகுளத்திலிருந்து தினமும் படகில் வருகிறவர். தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூடத்தில் இருந்து இருந்து தமிழும் மலையாளமும் ஒன்றாகக் கலந்து பேசுவார்.

"மாயம்மாளே, போன வருஷம் உன்றெ மோள் எத்தர நாள் வந்தாள்னு ரிஜிஸ்டர் நோக்கியா? இந்த வருஷமும் மழைக்கு வீட்டில இருத்தினா, மூணாம் கிளாஸில பேர் வெட்டாம எனக்கு வேற வழியில்லா கேட்டோ."

"பேர வெட்டாதீங்க டீச்சரே. அந்தக் கானைய வெட்டுங்க."

"அதுக்குத்தான் கமிட்டி போடுறோம். ஸ்கூலும் நாட்டுக்காரும் சேர்ந்து. ரெண்டு யூனியனையும் விளிச்சிருக்கு. நீயும் வரணும்."

மாயம்மாளுக்குக் கமிட்டி மேல் பெரிய மதிப்பில்லை. ஆனால் மகளின் பெயர் மேல் இருந்தது. தன் கைநாட்டுக்கு எதிரே இந்தப் பெண்ணாவது கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஊர் எண்ணெய்ப் புகையைப் பத்து வருஷமாகக் குடித்து வருகிறாள். பேர் வெட்டுப்பட்டால் அவ்வளவும் புகையோடு போச்சு. அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் வகுப்பில் கூட்டம். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் யூனியன் தலைவர்கள் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இக்கரைத் தலைவர் கமாலுதீன், மெலிந்த ஆள், வெற்றிலை வாய். அக்கரைத் தலைவர் முத்துராமலிங்கம், மீசைக்கே தனியாக ஒரு யூனியன் வைக்கலாம். பின்னால் இசக்கிமுத்து தன் தலைவர் உட்கார்ந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டீச்சர் எடுத்த எடுப்பிலேயே, "அந்த சிலாப எடுத்து வெச்சா தீர்ந்தில்லே?" என்றார்.

இரண்டு தலைவர்களும் டீச்சரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சின்னப் பிள்ளை நிலாவைப் பிடித்துத் தா என்று கேட்டால் சிரிப்பது போல.

"அது வேற விஷயம் டீச்சரே, கேஸு நடக்குது," என்றார் கமாலுதீன்.

"கேஸு நடக்கயில தொட்டா அது கோர்ட்டு அவமதிப்பு," என்றார் முத்துராமலிங்கம். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"அப்ப பிள்ளைக விழுந்தா யாரு அவமதிப்பு?" என்றாள் மாயம்மாள். எல்லோரும் கேட்காத மாதிரி மழையைப் பார்த்தார்கள். கமிட்டி என்றால் காது கேட்காதவர்கள் கூடும் இடம் போலிருக்கிறது.

கடைசியில் முடிவு வந்தது. மழைக்காலம் முடியும் வரை யூனியன்காரர்களே பிள்ளைகளைத் தூக்கிக் கானையைக் கடத்திவிடுவது. தர்ம காரியம், கூலி கிடையாது. டீச்சர் கண் கலங்கிவிட்டார். ஆனால் முத்துராமலிங்கம் விரலைத் தூக்கினார். இக்கரை ஆள் தூக்கிக்கொண்டு அக்கரையில் கால் வைத்தால் அது அத்துமீறல். கமாலுதீன், அக்கரை ஆள் இங்கே வந்து தூக்கினாலும் அதேதான் என்றார். ஒரு மணி நேரம் பேசினார்கள். சுமை எப்படிக் கை மாறுமோ அப்படியே பிள்ளைகளும் கானைக்கு நடுவில் கை மாறட்டும் என்று தீர்மானமாயிற்று. டீச்சர் நோட்டில் எழுதினார்.

"பிள்ளைய மூட்டையாக்கியாச்சு, மேலே மார்க்கு மட்டுந்தான் குத்தல," என்றாள் மாயம்மாள்.

"எளா, பெரியவுக பேசுத எடத்துல வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரி," என்றான் இசக்கிமுத்து.

"நீரு சும்மாதான இருக்கீரு. அது போதும் ஒரு வீட்டுக்கு."

தொடக்க விழா திங்கட்கிழமை பத்து மணிக்கு. ராத்திரியெல்லாம் கொட்டியிருந்தது. சந்தில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மேலே சுக்குத் தோலும் வாழை மட்டையும் யார் வீட்டுச் செருப்போ ஒன்றும் மிதந்தன. இரு கரையிலும் வாழைக்குருத்துத் தோரணம், ஒரு காகித மாலை. முதல் பிள்ளையாக யாரைக் கடத்துவது என்பதில் மட்டும் சண்டை வரவில்லை. போன வருஷம் விழுந்தவள் பாக்கியலக்ஷ்மி, அவளே முதலில் போகட்டும் என்று டீச்சர் சொன்னார். மறுகரையில் வாங்குவதற்கு அவளுடைய அப்பனையே நிறுத்தலாம் என்று முத்துராமலிங்கம் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். இசக்கிமுத்து தலைத்துண்டை அவிழாமல் இன்னும் ஒரு இறுக்கு இறுக்கிக்கொண்டான்.

மாயம்மாள் அடுப்பில் ஈடு போட்டுவிட்டு நின்றாள்.

"அம்மா, எனிக்கு பேடியில்ல," என்றாள் மகள். பேடி என்றால் பயம். எழுதப் படிக்க மலையாளம், அழுவதற்கும் சண்டைக்கும் தமிழ் என்று வளர்ந்த பிள்ளை, தைரியத்தையும் மலையாளத்தில்தான் சொன்னாள்.

கமாலுதீன் தானே அவளைத் தூக்கினார். புத்தகப் பை முதுகில் இருந்தது. தண்ணீருக்குள் காலால் துழாவிக் கானையின் விளிம்பைக் கண்டுபிடித்து நின்று, பிள்ளையை முன்னால் நீட்டினார். நாலடிக்கு அந்தப் பக்கம் விளிம்பில் இசக்கிமுத்து இரண்டு கையையும் நீட்டி நின்றான். விரலுக்கும் பிள்ளையின் பாவாடைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"எடு" என்று முத்துராமலிங்கம் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை.

"நில்லு. அந்தப் பை?"

"பைக்கு என்ன?" என்றார் கமாலுதீன்.

"பிள்ளை ஒரு சுமை. பை தனிச் சுமை. ஒண்ணா வாங்கிட்டா நாளைக்கு மூட்டை மேல மூட்டை வச்சு நீட்டுவீங்க. பைய முதல்ல வாங்கட்டும்."

"முதுகில மாட்டினது உடுப்பு மாதிரி. உடுப்புக்குத் தனிச் சுமை உண்டுமா? கேட்ட நியாயமா இது?"

"நியமம் நியமந்தான்."

மழை மறுபடியும் பிடித்தது. கமாலுதீனின் கை தாழ ஆரம்பித்தது. எண்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்து நடக்கிற மனிதருக்கும், இருபது கிலோவை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பது வேறு கனம். பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தாள். எதிரே அப்பன் கை. அந்தக் கை அசையவில்லை. இசக்கிமுத்து திரும்பித் தன் தலைவர் முகத்தைப் பார்த்தான்.

பாக்கியலக்ஷ்மிக்கு அந்தச் சந்தின் நியமம் எல்லாம் தெரியும். வாய்ப்பாட்டுக்கு முன்னால் அவள் படித்ததே அதுதான்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "துண்ட எடுங்கப்பா."

அவன் கை துண்டை நோக்கியும் போகவில்லை, பிள்ளையை நோக்கியும் போகவில்லை. அவன் இன்னும் தலைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கமாலுதீனின் கால் விளிம்பில் வழுக்கியது.

பிள்ளை உள்ளே போன சத்தம்கூட மழையில் கேட்கவில்லை.

மாயம்மாள் ஓடியது அவளுக்கே தெரியாது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் ஓடுவாள் என்று அந்தச் சந்தில் ஒருவரும் நினைத்ததில்லை. கழுத்தளவு கறுப்புத் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் துழாவி, புத்தகப் பையின் வாரைப் பிடித்துவிட்டாள். தனிச் சுமை என்று சொன்னார்களே, அந்தப் பைதான் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தது. கமாலுதீன் குப்புற விழுந்த இடத்திலிருந்தே தாயையும் பிள்ளையையும் மேலே தள்ளினார். பாக்கியலக்ஷ்மி இருமி இருமிச் சாக்கடையை வெளியே துப்பினாள். பிறகு ஓவென்று அழுதாள், தமிழில்.

மாயம்மாள் மகளைச் சேட்டுடைய சிலாபின் மேல் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டி அடுப்பை அணைத்தாள். சட்டியிலிருந்த ஈடு கரியாகக் கிடந்தது.

"வடை கிடையாது. சாயா கிடையாது," என்றாள். குரல் உயரவே இல்லை, அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. "நானும் எம் மவளும் இந்தச் சிலாபோட சேந்த சுமை. எந்த யூனியன் தூக்குதுன்னு பாக்கேன். தூக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"மாயக்கா, பிள்ளைக்கு உடுப்பு மாத்தணும்," என்றார் கமாலுதீன், சேறு வழிய.

"மாத்தலாம். அக்கரையில போய் மாத்திக்கிடுதேன். சிலாபு மேல நடந்து போய்."

"தாயி, கேஸு நடக்குதுல்ல..." என்று முத்துராமலிங்கம் தொடங்கினார்.

"நடக்கட்டும். அதுக்காவது ரெண்டு காலு நல்லா இருக்கு. எங் காலப் பாரும்." சேலையை முழங்கால் வரை தூக்கி அந்தக் காலை நீட்டினாள். கறுப்புத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "இது இந்தக் கானை குடுத்தது. எம் பிள்ளைக்கும் இதே சீதனம் வேணுமாவே? ஊருக்கே நியமம் சொல்லுற வாயி, 'எடு'ன்னு ரெண்டெழுத்து சொல்ல வரலையே!"

முத்துராமலிங்கம் மீசையைத் தடவினார். தடவுவதற்கு மீசை இருக்கிறவர்களுக்கு அது ஒரு வசதி.

சிலாபு சேட்டுடைய கோடவுன் வாசலை ஒட்டிக் கிடந்தது. அவள் வாசலுக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்த உட்காரலில் ஒரு லாரியும் உள்ளே போக முடியவில்லை. பதினொரு மணிக்குக் கடைத்தெரு வரை ஆறு லாரி நின்றது. கமலாக்ஷி டீச்சர் ஒரு காரியம் செய்தார். இரு கரையிலும் நின்ற பிள்ளைகளை அங்கங்கே குடைக்குக் கீழே நிறுத்தி, ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, சந்திலேயே பேர் கூப்பிட்டார்.

"பாக்கியலக்ஷ்மி!"

"ஹாஜர் டீச்சர்," என்றாள் சிலாபின் மேலிருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

டீச்சர் கோடு போட்டார். பிறகு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார். நூறு பிள்ளைகள் இரு கரையிலிருந்தும் கத்தினால் எப்படியிருக்கும்? ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டு, எட்டு முடிந்து ஒன்பது. சாயா இல்லாத வாயோடு, மழையில் நனைந்துகொண்டு, இரண்டு யூனியனும் வாய்ப்பாடு கேட்டன. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் பிள்ளைகள் தப்பாகச் சொல்லத் தொடங்கினார்கள். திருத்துவதற்கு அங்கே நின்ற பெரியவர்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் இசக்கிமுத்து அக்கரையில் அசைந்தான். அதுவரை நின்ற இடத்திலேயே நின்றான். இரண்டு கையும் இன்னும் கொஞ்சம் முன்னால் நீண்டே இருந்தன, மடக்க மறந்துவிட்டவன் மாதிரி. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தான். பிழிந்தான். தோளில் போட்டுக்கொண்டான். கானைக்குள் இறங்கி நீந்தாத குறையாகக் கடந்து இக்கரை ஏறினான்.

"இசக்கி, முறை போயிரும்ல," என்றார் முத்துராமலிங்கம்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சிலாபின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். எட்டு ஆள் சுமை, ஒருத்தனுக்கு அசையுமா? கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். மாயம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் மகளோடு எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுச் சாமான்," என்றான் இசக்கிமுத்து, யாரிடம் என்று இல்லாமல். "நான் தூக்குதேன்."

கமாலுதீன் தன் சிவப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். எதிர் மூலையைப் பிடித்தார். "எனக்கும் வீட்டுச் சாமான்தான். எம் பேத்தி சுல்ஃபத்து ஒண்ணாம் கிளாஸு." அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டாக இறங்கியது. சிவப்பும் கட்டமும் தோளுக்கு வந்துவிட்டால் எல்லாம் ஈரத் துணிதான். அக்கரையிலிருந்தும் கானையில் இறங்கி வந்தார்கள், ஏழு ஆள் சேர்ந்தார்கள். எட்டாவது ஆள் இல்லை. எல்லோரும் முத்துராமலிங்கத்தைப் பார்த்தார்கள். அந்த மனிதர் வானத்தைப் பார்த்தார், கானையைப் பார்த்தார், வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு துண்டை அவிழ்த்தார். உள்ளே முழு வழுக்கை. அந்தச் சந்தில் அதுவரை ஒருவருக்கும் அது தெரியாது. அவர் ஏன் அவிழ்க்க அவ்வளவு யோசித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. அவரும் கானையில் இறங்கி வந்து எட்டாவது ஆளாகக் கை கொடுத்தார்.

பதினான்கு மாதம் கிடந்த சிலாபு அரை மணி நேரத்தில் கானை மேல் உட்கார்ந்தது. தூக்கியது எந்த யூனியனும் இல்லை, எட்டு வீட்டுக்காரர்கள். அதனால் உரிமைப் பிரச்சினையும் இல்லை. பேர் பொறித்த பக்கம் தவறிக் கீழே போய்விட்டது. சேட்டு அன்று சாப்பிடவில்லை என்று கேள்வி.

துண்டுகள் மறுபடியும் தலைக்கு ஏறின. ஏறியதுமே முத்துராமலிங்கத்துக்குப் பழைய புத்தி வந்தது.

"சரி, சிலாபு போட்டாச்சு. ஆனா எல்லையில ஆள் நடமாட்டம் இருந்தா ரெண்டு பக்கமும் நின்னு பாக்கிற உரிமை எங்களுக்கு உண்டு. நோக்குகூலி..."

"தாரேன்," என்றாள் மாயம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தினம் காலையில பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும், கரைக்கு ஒரு ஆளு. கடைசிப் பிள்ளை கடக்கும் வரைக்கும் நிக்கணும். நின்னு பாக்கணும். ஆளுக்கு ஒரு வடை ஒரு சாயா. பீடி பத்த வச்சுட்டு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தா கூலி கிடையாது. டீச்சரே, இத நோட்டுல எழுதுங்க."

டீச்சர் எழுதினார். இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். சும்மா நின்று பார்ப்பதற்குக் கூலி வாங்கும் ஊரில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவன் சும்மா நிற்காமல் பார்க்க வேண்டியதாயிற்று.

மாயம்மாள் அதன் பிறகு ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. கால் வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. காய்ச்சலில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள், பெரும்பாலும் யூனியன் தலைவர்களின் பூர்வீகத்தைப் பற்றி. சகீலா என்று பக்கத்து வீட்டுக்காரி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். அவள் வடையைத் தின்றவர்கள் மாயம்மாளுக்கு உடம்பு தேற வேண்டும் என்று பள்ளிவாசலிலும் கோயிலிலும் வேண்டிக்கொண்டார்கள். அந்த ஒன்பது நாளில் பாக்கியலக்ஷ்மிக்கு ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் தப்பவில்லை.

இசக்கிமுத்து காலையிலும் மாலையிலும் கஞ்சி வைத்தான், காலுக்கு ஒத்தடம் கொடுத்தான். மாயம்மாள் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் அவனாகவே, "யோசிக்கதுக்குள்ள விழுந்துட்டா," என்றான். "பெத்த பிள்ளைக்கு என்னய்யா யோசன?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. காலுக்காக என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

பத்தாம் நாள் அடுப்புக்கு வந்தாள். உட்கார இடம் போய்விட்டது என்று யூனியன்காரர்கள் நின்றுகொண்டே சாயா குடித்தார்கள், குறைபட்டுக்கொண்டார்கள். பத்து மணிக்குச் சற்று முன்னால் ஈடு போட்டாள். சிலாபு இருக்கிறது, இரண்டு கரையிலும் காவல் இருக்கிறது, இனிமேல் வடை கருக வேண்டிய அவசியமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மணி அடித்தது. தலை தானாகத் திரும்பியது.

இக்கரையில் கமாலுதீன் நின்றார், பீடி இல்லாமல். அக்கரையில் அன்றைக்கு யார் முறையோ தெரியாது, ஆனால் அந்த முறைக்காரனுக்குப் பக்கத்தில் இசக்கிமுத்தும் நின்றான். அவனுக்கு அங்கே வேலையில்லை. நோட்டில் அவன் பேர் இல்லை. தினமும் பத்து மணிக்குத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான், ஒவ்வொரு நாளும் முறையை இழக்கிறான் என்று கமாலுதீன்தான் அவளிடம் சொன்னார்.

பிள்ளைகள் சிலாபில் ஓடினார்கள். பாக்கியலக்ஷ்மி கடைசியில் வந்தாள். நடுவில் நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். சிலாபு அசையவில்லை. பிறகு அக்கரை விளிம்புக்குப் போனாள். அங்கே அப்பன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. முதலில் நிமிர்ந்து அவன் தலையைப் பார்த்தாள். பிறகு தோளைப் பார்த்தாள். துண்டு தோளில்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கையைக் கொடுத்தாள்.

எட்டு வயதுப் பிள்ளை தினமும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் கை கொடுக்கிறாள் என்பது மாயம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இசக்கிமுத்துவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை பார்த்து முடிக்கும் வரை அவன் அசையாமல் குனிந்து காட்டிக்கொண்டு நின்றான்.

"மாயக்கா, புகை வருது," என்றார் கமாலுதீன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஈட்டை அள்ளி எடுத்தாள். அத்தனையும் கரி. அதில் கருகல் சற்றுக் குறைவாக இருந்த ஒரு வடையைத் தேடி எடுத்துத் தாளில் சுற்றிக் கமாலுதீனிடம் நீட்டினாள்.

"இத அந்த மனுசங்கிட்ட குடுத்துருங்க. நோக்குகூலின்னு சொல்லுங்க."

கமாலுதீன் வடையைக் கொண்டுபோய்ச் சிலாபின் நடுவில் நின்று நீட்டினார். முத்துராமலிங்கம் அந்தப் பக்கம் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், "எடு" என்றார்.